முப்பதாம் நாளில் யார் கேட்பார்?

டெல்லியில் ஓர் இசை ஆசிரியரின் வீடு. 2017ஆம் ஆண்டு. வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது, கூடவே போலீஸார். பெற்றோர் வீட்டிலிருந்து வெளியேறி அங்கே தங்கியிருந்த, இருபதுகளில் இருந்த பெண் ஒருவர், வர மாட்டேன் என்று மறுத்தும் வண்டியில் ஏற்றப்பட்டு, தனியார் மனநல மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுபோகப்படுகிறார். ஏற்பாடு செய்தவர்கள் அவரைப் பெற்றவர்கள். நீதித்துறை நடுவரின் உத்தரவு எதுவும் அவர்கள் கையில் இல்லை. ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றப் படியேறிய பிறகே விவகாரம் வெளிச்சத்துக்கு வந்தது. 2018 ஏப்ரலில், நீதிபதி எஸ். முரளிதர் இடம்பெற்ற டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. வயதுவந்த ஒரு குடிமகளின் சுதந்திரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பறித்ததாகப் பெற்றோர், காவல் துறை, மருத்துவமனை ஆகிய மூன்று தரப்பையும் கண்டித்து, அவருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்லகாலம் இருந்தது. அவர் எங்கே போனார் என்று கேட்க வெளியே ஆள் இருந்தது. கேட்டவருக்கு ஆட்கொணர்வு மனு என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. வழக்காட வழியும் இருந்தது. சொந்த விருப்பமில்லாமல் மனநல மருத்துவமனைக்குள் போகிற எத்தனை பேருக்கு இந்த மூன்றும் சேர்ந்து வாய்க்கும்?

குற்றம் செய்தவரைக் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது நம் ஊரில் டீக்கடை வரை தெரிந்த விஷயம். எந்தக் குற்றமும் செய்யாத ஒருவரை, அவருடைய நன்மைக்காக என்று சொல்லி, பூட்டிய வார்டுக்குள் எத்தனை நாள் வைத்திருக்கலாம்? யார் கையெழுத்துப் போட வேண்டும்? யாரிடம் முறையிடலாம்? படித்தவர்களுக்குக்கூட இதற்குச் சட்டென்று பதில் வராது. பதில் சட்டத்தில் இருக்கிறது, அதுவும் தெளிவாகவே.

சட்டம் என்ன சொல்கிறது?

1912ஆம் ஆண்டின் காலனியச் சட்டம், மனநோயாளியிடமிருந்து ஊரைக் காப்பாற்றுவதையே முதல் நோக்கமாகக் கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக வந்த 1987 சட்டம், நடைமுறைக்கு வரவே 1993 ஆனது. நோயாளி ஒப்புக்கொள்ளாவிட்டாலும், உறவினரோ நண்பரோ விண்ணப்பித்து, இரண்டு மருத்துவச் சான்றிதழ்களும் இருந்தால் 90 நாள் வரை உள்ளே வைக்க அது வழிவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றபின், இந்த ஏற்பாட்டோடு காலம் தள்ள முடியவில்லை. நீண்ட இழுபறிக்குப் பிறகு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018இல் அமலுக்கு வந்தது.

இந்தச் சட்டம் போகிற வழியில் சில பழைய கணக்குகளையும் தீர்த்திருக்கிறது. ஒருவருக்கு மனநோய் இருக்கிறதா என்பதை மருத்துவ அளவுகோல்களைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். ஊர் வழக்கத்தை மீறினார், மதநம்பிக்கையில் மாறுபட்டார், அரசியலில் ஒத்துப்போகவில்லை என்பதெல்லாம் காரணமாகாது. முன்பு ஒருமுறை சிகிச்சை எடுத்திருப்பதே இப்போதும் நோயாளி என்பதற்குச் சான்றாகிவிடாது. ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிறது என்பதாலேயே, முடிவெடுக்கும் திறன் அவருக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. சாதி மாறிக் காதலிக்கும் மகளை ‘மூளை பிசகிவிட்டது’ என்று சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போகும் நாட்டில், இந்த வரிகள் எத்தனை வீடுகளைத் தொடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கட்டாயச் சேர்க்கையை இச்சட்டம் ஒழித்துவிடவில்லை, கடிவாளம் போட்டிருக்கிறது. வயதுவந்தவர்களின் சேர்க்கைக்கு இரண்டு வழி. நோயாளியே விரும்பி வருவது முதல்வழி. அவர் வீட்டுக்குப் போகிறேன் என்றால் விட வேண்டும். ஆபத்து இருப்பதாக மருத்துவர் கருதினால், மதிப்பிடுவதற்காக 24 மணி நேரம் நிறுத்திவைக்கலாம். இரண்டாவது, 89ஆம் பிரிவின்கீழ் வரும் ‘ஆதரவுடன் கூடிய சேர்க்கை’. பெயர் மென்மையானது, நடப்பது, நோயாளியின் சம்மதம் இல்லாமலேயே சேர்ப்பதுதான்.

இதற்கு, நோயாளியின் சார்பில் பேசும் நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநர் அல்லது மருத்துவரும், சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ, தனித்தனியாக அவரைப் பார்த்திருக்க வேண்டும். அண்மையில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ள முயன்றார் அல்லது மிரட்டினார். பிறரிடம் வன்முறையாக நடந்துகொண்டார் அல்லது அவர்களை அஞ்ச வைத்தார். தனக்கே ஆபத்து வரும் அளவுக்குத் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் இருக்கிறார். இவற்றில் ஒன்றாவது இருக்கிறது என்று இருவரும் தனித்தனியே முடிவுக்கு வர வேண்டும். ‘ராத்திரியெல்லாம் தூங்காமல் எதிர்த்துப் பேசுகிறான்’ என்பது மட்டும் போதாது.

அப்படிச் சேர்த்தாலும் உச்சவரம்பு 30 நாள். பெண்களையும் சிறாரையும் சேர்த்தால் 3 நாட்களுக்குள், மற்றவர்களைச் சேர்த்தால் 7 நாட்களுக்குள், மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மருத்துவமனை தகவல் தர வேண்டும். முடிவெடுக்கும் திறன் நோயாளிக்குத் திரும்பிவிட்டதா என்று வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ‘என்னைத் தவறாக அடைத்திருக்கிறார்கள்’ என்று அவர் வாரியத்திடம் முறையிட்டால், 7 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 30 நாளைத் தாண்ட வேண்டுமென்றால், இரண்டு மனநல மருத்துவர்களின் பரிந்துரையும் வாரியத்தின் அனுமதியும் தேவை. அதன்பிறகு 90, 120, 180 நாட்கள் என்று தவணை நீளலாம். ஒவ்வொரு தவணையின் முடிவிலும் இந்தக் கேள்விகள் புதிதாகக் கேட்கப்பட வேண்டும்.

உள்ளே இருக்கும்போதும் உரிமைகள் உண்டு. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. சொந்த உடையை அணிய விரும்பினால் அணியலாம். வேலை வாங்கினால் கூலி தர வேண்டும். தொலைபேசியில் பேசலாம், பார்வையாளர்களைச் சந்திக்கலாம், யாரையும் சந்திக்க மறுக்கவும் செய்யலாம். சங்கிலியால் பிணைப்பது எந்த வடிவத்திலும் கூடாது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் மின் அதிர்ச்சி சிகிச்சை தரக் கூடாது. தனிமையில் அடைப்பது கூடாது. எந்தப் பிரிவின்கீழ் சேர்க்கப்பட்டிருக்கிறார், வாரியத்திடம் முறையிடும் உரிமை அவருக்கு உண்டு என்பதையெல்லாம் அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். இலவச சட்ட உதவி கிடைக்கும் என்று தெரிவிப்பது மருத்துவமனைப் பொறுப்பாளரின் கடமை.

படிக்கப் படிக்க, வேறெந்த நாட்டுச் சட்டமோ என்று தோன்றும். இதை முன்னோடிச் சட்டம் என்று பாராட்டியவர்கள் உண்டு. அந்தப் பாராட்டுக்குத் தகுதியானதும்கூட.

கத்தியை ஒளித்துவைக்கும் வீடு

மறுபக்கத்தையும் பார்க்காமல் இந்த விவகாரத்தைப் பேசுவது நியாயமாகாது. இப்படி ஒரு வீட்டை எண்ணிப்பாருங்கள். இரவு இரண்டு மணி. பொறியியல் படித்த மகன் பல நாட்களாகத் தூங்கவில்லை. மாடிவீட்டுக்காரர் தன் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்பதாகச் சொல்கிறான். ஃபேன் ஓடும் சத்தத்தில் தன்னைத் திட்டுகிறார்கள் என்கிறான். சமையலறைக் கத்திகளை அம்மா பழைய துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்திருக்கிறார். ‘எனக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான் பைத்தியம்’ என்று அவன் மாத்திரையைத் தூக்கி எறிகிறான். காவல் நிலையத்துக்குப் போனால், இது குடும்பப் பிரச்சினை என்கிறார்கள். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டால், ஆளை அழைத்து வாருங்கள் என்கிறார்கள். அவன் வரத் தயாராக இருந்தால் அம்மா ஏன் போன் செய்யப்போகிறார்? கடைசியில் மாத்திரை பொடியாகிச் சாம்பாரில் கலக்கிறது.

தீவிர மனச்சிதைவில், தனக்கு நோய் இருக்கிறது என்பதே நோயாளிக்குத் தெரியாமல் போவது உண்டு. அப்போது அவர் சொல்லும் ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு சட்டம் ஒதுங்கி நின்றால், உயிர் போகலாம், அவருடையதோ அம்மாவுடையதோ. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. குழு, மனநலக் குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரை விருப்பத்துக்கு மாறாக அடைத்துவைப்பதையே ஏற்பதில்லை. கொள்கையாகப் பார்த்தால் அதற்கு வலுவான தர்க்கம் இருக்கிறது. ஆனால், இரவு இரண்டு மணிக்கு அந்த அம்மாவுக்குச் சொல்ல அதனிடம் எதுவும் இல்லை. பல மனநல மருத்துவர்கள் 2017 சட்டத்தின் மீது வைக்கும் குறையும் இதை ஒட்டியதுதான்: நோயாளியைத் தனிமனிதராக மட்டும் பார்த்து, வீட்டில் அவரைத் தாங்கிப் பிடிக்கும் குடும்பத்தைச் சந்தேகத்தோடு பார்க்கிறது என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆகவே, சில நேரங்களில், சிலரை, குறுகிய காலத்துக்கு, அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கும். இதை ஏற்றுக்கொண்டால், அடுத்த கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. சேர்த்த குடும்பத்தையும் சேர்த்துக்கொண்ட மருத்துவமனையையும் சாராத மூன்றாவது ஆள் ஒருவர், நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில் சிகிச்சை எப்போது சிறையாகிறது என்பதை யாரும் சொல்ல முடியாது.

எண்ண மறந்த 54 ஆண்டுகள்

அசாமில் ஒரு பழங்குடி மனிதர். 1951இல் கைதானபோது வயது 23. மனநலம் சரியில்லை என்று தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல், அவர் நலமாகிவிட்டார் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்புவதற்குப் பதில் அவரைக் குவாஹாட்டி சிறைக்கு மாற்றினார்கள். விசாரணை ஒருநாளும் தொடங்கவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்டு, 2005இல் அவர் வெளியே வந்தபோது வயது 77. பிணைத்தொகை ஒரு ரூபாய். பின்னர் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2007இல் இறந்துபோனார். இவ்வளவுக்கும் யாரும் அவர் மீது குறிப்பாக வன்மம் கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. ஒரு கோப்பு நகரவில்லை, அவ்வளவுதான்.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. நாடு முழுவதும் உள்ள அரசு மனநல மருத்துவமனைகளைத் தேசிய மனித உரிமை ஆணையம் பார்வையிட்ட பிறகு, 2023 ஜனவரியில் ஒன்றிய, மாநில அரசுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. நிலைமை மனிதத்தன்மையற்றதாக இருக்கிறது என்றது. அது சொன்னதில் முக்கியமானது வேறொன்று: நோய் குணமானவர்களும் சட்டத்துக்குப் புறம்பாக உள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறார்கள். அதற்கு முன், 2019இல் வெளியான ஒரு தேசிய ஆய்வு, அரசு மனநல மருத்துவமனைகளில் இருப்போரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஓராண்டுக்கு மேலாக அங்கேயே இருப்பதைக் கண்டது. அவர்களில் பெண்களே அதிகம். காரணம் யாருக்கும் தெரியாததல்ல. குணமான ஆண் திரும்பி வந்தால் ‘உடம்பு சரியில்லாமல் இருந்தான்’ என்று வீடு ஏற்றுக்கொள்ளும். கணவன் மறுமணம் செய்துகொண்ட, அண்ணன் வீட்டில் அண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்ட பெண் எங்கே போவார்?

சட்டம் இதற்கும் பதில் வைத்திருக்கிறது. 19ஆம் பிரிவைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, சமூகத்தில் தங்க வசதி இல்லை என்கிற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது. இடைநிலை இல்லங்களையும் குழு இல்லங்களையும் அரசு ஏற்படுத்தித் தர வேண்டும். சொந்த வீட்டில் வசிக்கும் உரிமையை நிலைநாட்ட சட்ட உதவியும் தர வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2017இல், குணமானவர்களின் மறுவாழ்வுக்கு வழிகாட்டு நெறிகளை வகுக்குமாறு உத்தரவிட்டது. இத்தனைக்குப் பிறகும் அவர்கள் உள்ளேயே இருக்கிறார்கள் என்றால், கட்டாயச் சேர்க்கை குறித்து நாம் நடத்தும் விவாதம் பாதியில் நிற்கிறது என்று பொருள். உள்ளே தள்ளுவதைப் பற்றிப் பேசுகிறோம். வெளியே விடாமல் இருப்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஏர்வாடியிலிருந்து குண்டலப்புலியூர் வரை

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ஒரே வாரத்தில் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்து, எல்லா மாநிலங்களிலும் கணக்கெடுக்கச் சொன்னது. அந்தச் சங்கிலியைப் பூட்டியவர்களை மட்டும் குற்றம் சொல்லி நாம் முடித்துக்கொண்டோம். அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் பலவும், பக்கத்தில் ஒரு மருத்துவமனை இருந்திருந்தால் அவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

22 ஆண்டுகள் கழித்து, 2023 பிப்ரவரியில், விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமம் செய்திகளில் அடிபட்டது. அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைத் தேடி வந்த உறவினருக்கு, அவர் பெங்களூருக்கு மாற்றப்பட்டுவிட்டதாகப் பதில் கிடைத்தது. அங்கும் அவர் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலான பிறகே அதிகாரிகள் உள்ளே போனார்கள். ஆதரவற்றோரும் மனநலம் குன்றியோருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். உரிய உரிமம் இல்லை, துன்புறுத்தல், பாலியல் வன்முறை என்று குற்றச்சாட்டுகள் வரிசைகட்டின. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 2017 சட்டப்படி, பதிவு இல்லாமல் எந்த மனநல நிறுவனமும் இயங்க முடியாது. ஓர் உறவினர் தேடி வராமல் இருந்திருந்தால், அந்த ஆசிரமத்தின் கதவு எப்போது திறந்திருக்கும்?

டெல்லியிலும் ஆட்கொணர்வு மனு, விழுப்புரத்திலும் ஆட்கொணர்வு மனு. உயர் நீதிமன்றம் கடைசியாகத் தட்ட வேண்டிய கதவு. அதுவே முதல் கதவாக இருக்கிறதென்றால், நடுவில் இருக்க வேண்டிய வாரியம் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது.

அரசு மருத்துவமனைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னொரு பெரிய உலகம் தப்பிவிடும். குடிபோதை மறுவாழ்வு மையங்கள் இப்போது எல்லாச் சிறுநகரங்களிலும் இருக்கின்றன. மனைவியோ அண்ணனோ ஒரு போன் செய்தால் போதும். நான்கு பேர் காரில் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பது பல ஊர்களில் சாதாரணப் பேச்சு. மூன்று மாதப் ‘பேக்கேஜ்’, முன்பணம், முதல் சில வாரங்களுக்குப் பார்க்க அனுமதியில்லை. மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்தான் 2017 சட்டம் வைத்திருக்கிறது. ஆகவே இரண்டு வல்லுநர்களின் தனித்தனிப் பரிசோதனை, 30 நாள் வரம்பு, வாரியத்துக்குத் தகவல் எல்லாம் அங்கும் பொருந்தும். ஒருவர் குடிப்பதும் குடும்பத்தை வதைப்பதும் உண்மையாகவே இருக்கலாம். அதற்காக நான்கு பேர் வந்து தூக்கிப்போவது சட்டப்படியான சேர்க்கை ஆகிவிடாது.

தெருவில் திரிபவர்கள் விஷயத்தில் பொறுப்பு காவல் துறையுடையது. அப்படி ஒருவரைக் கண்டால் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவராக இருந்தால், காணாமல்போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். வேனில் ஏற்றி அடுத்த மாவட்ட எல்லையில் இறக்கிவிடும் பழைய வித்தைக்குச் சட்டத்தில் இடமில்லை.

வாரியம் என்கிற மூன்றாவது ஆள்

மனநல மறுஆய்வு வாரியம் யாரைக் கொண்டது என்பதைப் பார்த்தாலே, சட்டத்தை எழுதியவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று புரியும். தலைவர், மாவட்ட நீதிபதி நிலையில் இருப்பவரோ ஓய்வுபெற்றவரோ. ஆட்சியரின் பிரதிநிதி ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர், பொது மருத்துவர் ஒருவர். கூடவே, மனநோயால் பாதிக்கப்பட்டவர்கள், அவர்களைப் பராமரிப்பவர்கள் அல்லது அவர்கள் சார்பான அமைப்பினரிலிருந்து இருவர். வார்டுக்குள் படுத்திருந்த ஒருவர், இன்னொருவரின் 30ஆவது நாளைப் பற்றி முடிவெடுக்கும் இருக்கையில் அமரலாம். இந்திய நிர்வாகத்தில் இதைப் போன்ற ஏற்பாடு அரிது.

காகிதத்தில் இருப்பது இது. நடைமுறையில், வாரியங்கள் அமைவதற்கே பல மாநிலங்களில் ஆண்டுக்கணக்கானது. மாவட்டத்துக்கு ஒன்று என்று அமையாமல், பல மாவட்டங்களுக்கு ஒன்று என்றே பல இடங்களில் அமைந்தது. இப்படி ஒன்று இருப்பதே நோயாளிகளுக்குத் தெரியாது; வழக்கறிஞர்களிலும் பலருக்குத் தெரியாது. மருத்துவமனை அனுப்பும் தகவல் படிவங்களைக் கோப்பில் சேர்ப்பதோடு வாரியத்தின் வேலை முடிந்துவிடுமானால், அதை மூன்றாவது ஆள் என்று சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் 1983ஆம் ஆண்டின் சட்டப்படி மதிப்பீட்டுக்காக அடைக்கப்படுபவருக்கு வரம்பு 28 நாள். முதல் 14 நாட்களுக்குள் அவர் தீர்ப்பாயத்தை நாடலாம், ஒரு வாரத்துக்குள் விசாரணை வரும், வழக்கறிஞர் இலவசம். மருத்துவர் அந்த மேசையில் உட்கார்ந்து, ‘இவரை ஏன் இன்னும் விடவில்லை’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்காக அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர் மூன்று மடங்குக்கும் அதிகமாக இச்சட்டத்தின்கீழ் அடைக்கப்படுகிறார்கள். ஆனால், அந்த அநியாயம் வெளியே தெரிவதற்கே, அங்கே ஒவ்வொரு சேர்க்கையும் எண்ணப்பட்டு வெளியிடப்படுவதுதான் காரணம். இங்கே சாதிவாரியாக, பால்வாரியாக, வருமானவாரியாக யார் எத்தனை நாள் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டால், எந்தப் பக்கத்தைப் புரட்டுவது?

தமிழ்நாட்டில் நம்பிக்கை தரும் வேலைகளும் நடந்திருக்கின்றன. சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. நீண்டகாலம் அதற்குத் தலைமை வகித்த மருத்துவர் சாரதா மேனன், பின்னாளில் 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சிக்கான ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கினார். 1993இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘தி பேனியன்’ அமைப்பு, ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்த பெண்களை நான்கைந்து பேராகச் சேர்த்து, சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடியமர்த்தும் திட்டத்தை நடத்துகிறது. அங்கே கதவு உள்பக்கம் தாழிடப்படும். யார் சமைப்பது, எந்த சீரியல் பார்ப்பது என்று சண்டை நடக்கும். முப்பது ஆண்டு வார்டில் இருந்தவரால் இனி வெளியே வாழ முடியாது என்ற வாதத்துக்கு அந்த வீடுகளே பதில். மாவட்ட அளவில் அரசு, தொண்டு நிறுவனங்களுடன் சேர்ந்து நடத்தும் மீட்பு மையங்களும் வந்திருக்கின்றன. இவை எண்ணிக்கையில் போதாது. செலவும் வார்டில் ஒருவரைக் காலம் முழுக்க வைத்திருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட வேண்டியது.

இதெல்லாம் இருந்தும், நம் பேச்சில் கீழ்ப்பாக்கம் இன்னும் வசவுச்சொல்தான். திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளில் அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே அரங்கம் சிரிக்கும். அங்கே போனவர் திரும்பி வரக் கூடாதவர் என்ற எண்ணம் அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது. குணமான பெண்ணை வீட்டுக்கு அழைக்க அண்ணன் தயங்குவதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட முடியாது.

குடும்பத்தில் ஒருவரைச் சேர்க்கும் நிலை யாருக்கும் வரலாம். அப்படி வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவின்கீழ் சேர்க்கிறார்கள், பரிசோதித்த இருவர் யார், வாரியத்துக்குத் தகவல் போனதா, 30ஆவது நாள் எந்தத் தேதியில் வருகிறது. அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர், நன்றாக இருக்கும் நாளிலேயே, தனக்கு மீண்டும் நோய் முற்றினால் எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தனக்காக யார் பேச வேண்டும் என்று எழுதிவைக்கலாம். 5ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. வீட்டுக்குள்ளேயே முடிவெடுக்க முடியாத இரவுகளில் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் ஆலோசனை கிடைக்கும். சட்ட உதவிக்கு 15100. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

அரசு செய்ய வேண்டிய ஒன்றைச் சட்டமன்ற உறுப்பினர்களே தொடங்கிவைக்கலாம். சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை அடுத்த முறை அவைக்கு வரும்போது யாராவது ஒருவர் எழுந்து கேட்கட்டும்: இந்த மாநிலத்தின் மனநல மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் மறுவாழ்வு மையங்களிலும் விருப்பமின்றி 30 நாளைத் தாண்டி இருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேரை வாரியம் நேரில் பார்த்தது? குணமான பிறகும் போக இடமில்லாமல் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கான வீடுகள் எந்த ஆண்டுக்குள் தயாராகும்? பதிலை மாவட்டவாரியாக அவையில் வைக்க வேண்டும், ஆண்டுதோறும்.